பாக்கியத்துக்கு எட்டுப் பிள்ளைகள்

பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளுக்குக் குடியிருப்பு அமைக்கும் தொழிலுக்கு முதல் தேவை இரக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். செப்டிக் டேங்க் என்பது இறங்கிய பிறகே தெரிந்தது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சக பாவிகளே, நீங்களாவது சிரிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பதினைந்து வருஷம் வெளிநாட்டில் குப்பை கொட்டிவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் திரும்பி வந்தேன். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி ஆறு வீடு கட்டினேன். வீட்டுக்கு ஓர் அம்மா, எட்டுப் பிள்ளைகள், தனிச் சமையல். கையில் இருந்தது தற்காலிக அனுமதிதான். அதிகாரி வந்து பார்த்து 'குடும்ப முறை இல்லம்' என்று எழுதினால் நிலைக்கும். 'ஹாஸ்டல்' என்று எழுதிவிட்டால் பெண்பிள்ளைகள் ஓரிடம், பையன்கள் வேறிடம். இரண்டாம் நம்பர் வீட்டில் செல்வி, மணி, குட்டி என்று அக்கா தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். குட்டிக்கு நாலு வயசு. அக்காவின் பாவாடை நுனியைப் பிடிக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

ஒரே அச்சு

கட்டும்போதே ஆரம்பித்தது வினை. யாருக்கும் ஏற்றத்தாழ்வு தோன்றக் கூடாது என்று ஆறு வீட்டையும் அச்சில் வார்த்தது போல, ஒரு முற்றத்தைச் சுற்றி வட்டமாக நிற்கும்படி வரைந்து கொடுத்திருந்தேன். வெள்ளையடிக்கும் வாரம் போய்ப் பார்த்தால் ஒரு வீடு கண்ணைப் பறித்தது. பக்கத்து வீடு வெறும் சிமெண்டாக நின்றது. மேஸ்திரி துரை தலையைச் சொறிந்தார்.

"இன்னா பண்றது சார், எல்லாம் ஒரே மாரி கீது. சாப்ட்டு வந்து எந்த வூட்ல வுட்டோம்னு தெரியாம, அடிச்ச வூட்டையே மூணு வாட்டி அடிச்சிக்கினு கீறானுங்க."

நேர்முகத் தேர்வு

அம்மாக்களைத் தேர்ந்தெடுக்க, ஓர் ஆங்கிலக் கையேட்டிலிருந்து கேள்விகளைத் தமிழாக்கி வைத்திருந்தேன். இரண்டு மொழியில் படித்தவன் இல்லையா, அந்தத் திமிர். புதுப்பட்டினத்திலிருந்து வந்திருந்த பாக்கியத்திடம், "குழந்தை எதிர்மறையான நடத்தையை வெளிப்படுத்தினால் தாங்கள் எவ்வாறு எதிர்வினை ஆற்றுவீர்கள்?" என்று வாசித்தேன். உடம்புக்கு முடியாதவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"அடம் பிடிச்சா இன்னா பண்ணுவேன்னு கேக்கறீங்களா? நானும் பிடிப்பேன். யாரு மொதல்ல சோத்துக்கு வராங்கன்னு பாத்துடலாம் சார்."

பிறந்த தேதி

பாக்கியத்துக்கு இரண்டாம் நம்பர் வீடு. குட்டியை விட்டுவிட்டு மற்ற ஏழு பேரையும் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனோம். ஏழு படிவத்திலும் அம்மா பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் பாக்கியம் தன் பெயரையே எழுதச் சொல்லியிருந்தார். பள்ளி எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏம்மா, இந்த மணிக்கும் அடுத்த பையனுக்கும் மூணு மாசந்தான் வித்தியாசம். அதெப்படி?"

நிறுவனத்தின் நோக்கத்தை விளக்க நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் முந்திக்கொண்டார்.

"இவன் கொஞ்சம் அவசரக்காரன் சார்."

ஒத்திகை

செங்கல்பட்டிலிருந்து அதிகாரி வரும் தேதி தெரிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் வெளியே வரிசையில் நிறுத்தினேன். ஒரு வாரம் ஒத்திகை. ஒரே நிறச் சட்டை, உயர வரிசை, 'வணக்கம் ஐயா' என்று ஒரே குரல். "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று பாக்கியம் கேட்டதற்கு, ஒழுங்கைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அதிகாரி வந்தார். நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரு பிசிறில்லாமல் வணங்கினார்கள். நான் பெருமையாக அவர் முகத்தைப் பார்த்தேன். அது வாடியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது ஹாஸ்டல்தானே? குடும்பம்னு நான் எப்படி எழுதறது?"

நடுத்துண்டு

இனி என்ன செய்வது என்று தெரியாமல், வீட்டையாவது பாருங்கள் என்று இரண்டாம் நம்பருக்குக் கூட்டிப்போனேன். உள்ளே சட்டி உருளும் சத்தம். செல்வி எடுத்து வைத்திருந்த வஞ்சிர மீன் நடுத்துண்டை, வரிசை கலைந்த கையோடு மணி ஓடிவந்து தின்றுவிட்டிருந்தான். அவள் அவன் முடியைப் பிடித்திருந்தாள். அவன் அவள் ரிப்பனை. கரண்டியோடு வந்த பாக்கியம் அதிகாரியைக் கையால் ஒதுக்கினார். "கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார், இதுங்க பேஜார முடிச்சிட்டு வரேன்." பிறகு மணியிடம், "ஏன்டா, உன் துண்டு தொண்டைல எறங்கல? அவளுது கேக்குதா?"

ஊரிலிருந்து வந்த பெரிய மாமாவைக் கண்டது போல, குட்டி நேராக அதிகாரியிடம் போய் அவர் பேண்டைப் பிடித்து இழுத்தான். "எனக்கு எப்பவும் வாலுதான் தராங்க."

எல்லாம் போயிற்று என்று நான் சுவரில் சாய்ந்தேன். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முழங்கால் மேல் கோப்பைத் திறந்தார்.

"எங்க வீட்லயும் சின்னவனுக்கு வால்தான்டா. குடும்பம்னு எழுதிக்கிறேன் சார்."

பதினைந்து வருஷ வெளிநாட்டு அனுபவத்தையும் ஒரு வார ஒத்திகையையும் கொட்டி நான் கலைக்கப் பார்த்த ஒரு குடும்பத்தை, திருட்டு மீன் தின்ற ஒரு பையன்தான் சேர்த்து வைத்தான் என்பதை ஆண்டறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.