வாசலில் குலுங்கிய வளையல்கள்

எழுபதுகளின் கடைசியில், எனக்கு வளைகாப்பு முடிந்த மறுநாள், மதுரையில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது.

அப்பா திருவாதவூர்ப் பக்கம் விவசாயி. புகையிலையை வாயில் அடக்கி அடக்கி நாக்கின் ஓரத்தில் புற்றுக்கட்டி வந்துவிட்டது. ஊரில் சிலர் அவர் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அப்பா யார் வீட்டுக்கும் போவதை நிறுத்திக்கொண்டார்.

மருத்துவமனையில் அவருக்கு, ரேடியம் ஊசிகளை நாக்கிலேயே குத்தி, சில நாள் அப்படியே விட்டு, கட்டியை உள்ளிருந்தே கருக்கும் வைத்தியம். எனக்கு அதில் முழு நம்பிக்கை. அம்மாவுக்கோ வேறு கவலை. வளையல் போட்ட பெண்ணுக்குப் பெற்ற தகப்பன் திருநீறு பூசியே ஆக வேண்டும் என்று, கை நிறையக் கண்ணாடி வளையலோடு என்னை அழைத்து வந்துவிட்டார்.

தனி அறை. வாசலிலேயே நர்ஸ் மறித்தார். "நீங்க வேணா எட்ட நின்னு ஒரு நிமிசம் பாத்துட்டு வாங்கம்மா. புள்ளத்தாச்சி உள்ள போகக்கூடாது."

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "பெத்த அப்பன்கிட்ட மக போகக்கூடாதா? இதென்ன ஒட்டுவாரொட்டியா?"

நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். நோய் ஒட்டாதாம். ஊசியின் கதிர் வெளியிலும் வீசுமாம், அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். ஊசியை எடுத்துவிட்டால் அப்பா மடியிலேயே படுத்துக்கொள்ளலாமாம்.

எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருப்பவருக்கு? டம்ளரைத் தள்ளி வைத்தவர்களோடு மகளும் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டால்? வாய் திறந்து கேட்கவும் அவரால் முடியாதே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் காட்டியபடி வராந்தாக் கோடியில் போய் நின்றேன். இரண்டு கைகளையும் உயர்த்தி வளையல்களைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்!

உள்ளிருந்து 'டங், டங்' என்று பதில் வந்தது. அப்பா டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் குலுக்க, அவர் தட்ட, நர்ஸ் சிரித்தேவிட்டார்.

ஊசிகளை எடுத்த பிறகு, அப்பா என் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே குழறலாகக் கேட்டார்: "ஏ ஆத்தா, அம்புட்டு ஆட்டு ஆட்டுனியே, ஒரு வளையலு கூடவா ஒடையல?" கட்டி கரைந்தது. பேரனைத் தோளில் தூக்கித் திரிந்தார்.

இப்போது என் கணவருக்குக் கல்லீரலில் கட்டி. ரத்தக்குழாய் வழியாகக் கதிர்வீசும் பொடி மணிகளைக் கட்டிக்குள்ளேயே அனுப்பியிருக்கிறார்கள். வைத்தியம் எம்புட்டோ வளர்ந்துவிட்டது. ஆனாலும் வீடு திரும்பியதும் சில நாள் குழந்தைகள் நெருங்கக் கூடாதாம். மனிதர் முகம் வாடிவிட்டது. பேத்தியை வாசலில் நிறுத்தி, "குதிடி" என்றேன். கொலுசு குலுங்கியது. உள்ளிருந்து ஒரு டம்ளர் 'டங், டங்' என்றது.

எட்ட நிற்பதில் தப்பே இல்லை. இங்கேதான் நிற்கிறோம் என்பது உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.