வாசலில் ஆறு ஜோடி பூட்ஸ்

என்னைப்போல ஒரு மடையன் டெக்சாஸுக்கு வந்திருக்கவே மாட்டான். இந்த ஊர்க் காலாட்படை டிவிஷனின் போர் மியூசிய வாசலில் ஆறு ஜோடி கௌபாய் பூட்ஸைப் பார்த்ததும், நானும் ஷூவைக் கழற்றி அருகில் விட்டுவிட்டு உள்ளே நிற்கிறேன். சாக்ஸ் ஓட்டை வழியே பெருவிரல் தரிசனம் தருகிறது.

“ஐயோ, அது காட்சிக்கு வெச்சிருக்காங்க! போர்டைப் படிக்க மாட்டீங்களா?” மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

வாசலுக்குத் திரும்பி வந்து படிக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போய்த் திரும்பாத வீரர்கள், வீட்டில் விட்டுப்போன பூட்ஸ்.

“கடைசி ஜோடி எங்க அப்பாவோடது” என்கிறார் டிக்கெட் மேசையிலிருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர்.

“மன்னிச்சிடுங்க, இப்பவே எடுத்துடறேன்!”

அவர் மேசையை விட்டு எழுந்து வந்து, மெல்லக் குனிந்து, என் ஷூவை அந்தப் பூட்ஸை ஒட்டி நேராக வைக்கிறார்.

“நீயாவது திரும்பி வந்து போட்டுக்கோ.”