சரிபார்ப்பை அணைத்தவர்

கம்ப்யூட்டர்காரர் தன் அக்காவுக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார்.

எட்டாவதோடு படிப்பை விட்டு, தானாகவே புரோகிராம் கற்றவர் அவர். "காலேஜ்ல படிச்சவனெல்லாம் என்கிட்ட வரணும்" என்று மார்தட்டிக்கொண்டே, அக்காவின் துணிக்கடை இணையதளத்துக்குப் பணம் வாங்கும் பிளகின் என்ற துணை நிரலை எழுதினார்.

சோதனை சர்வருக்கு, அது அசல்தான் என்று காட்டும் சான்றிதழை அவரே போட்டிருந்தார். பிளகின் அதை ஏற்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் நம்பச் சொல்லியிருக்கலாம். அவர் சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிட்டார். "சரியா இருக்குக்கா" என்று கடைக்குக் கொடுக்கும்போது அதைத் திரும்பப் போட மறந்தார். எவனோ போலிச் சான்றிதழோடு நடுவில் புகுந்து கடைப் பணம் நாற்பதாயிரத்தைச் சுருட்டிவிட்டான்.

கம்ப்யூட்டரை விற்றுப் பணக்கட்டை நீட்டினார். "சரியா இருக்குக்கா."

"அன்னைக்கும் அதைத்தானேடா சொன்னே? நான் பார்த்தேனா?" அக்கா கையை விரித்தார். "எண்ணி வை."

அக்கா இப்படிக் கேட்டதே இல்லை. தம்பி ஒவ்வொரு நோட்டாக அந்தக் கையில் எண்ணி வைத்தார்.