குடம் பிடித்த கையும் ஓட்டுதான்

நான் எம்.பி. ஆனபிறகு பேட்டி எடுக்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, என் முதல் தேர்தலைப் பற்றித்தான். டெல்லிக்கு அனுப்பிய தேர்தலைச் சொல்வேன் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். நானோ அரியலூருக்குப் பக்கத்து ஊரில், ஒரு வார்டுக்கு, சொந்த மூத்தாரை எதிர்த்து நின்ற கதையை ஆரம்பிப்பேன். பேனா மூடிக்கொள்ளும். ஜீப்பில் போய் மாலை வாங்கிய தேர்தல்களெல்லாம் எனக்கு ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. இது குழம்பவில்லை.

சுதந்திரம் வந்து அடுத்த கோடை. எங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் பூமி. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்குப் பெண்கள் ஒரு மைல் நடந்து ஏரிக்குப் போகவேண்டும். எங்கள் வார்டில் சுண்ணாம்புக்கல்லைத் தாண்டி ஆழமாக ஒரு குடிதண்ணீர்க் கிணறு வெட்ட உத்தரவு வந்தது. எங்கே வெட்டுவது என்பதை வார்டு மெம்பர்தான் சொல்லவேண்டும். மெம்பருக்கு நின்றவர் என் கணவரின் அண்ணன், அதாவது என் மூத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் இவ்வளவு பெரிய ஊரில் தண்ணீர் ஊறக்கூடிய ஒரே இடம் தன் முந்திரிக் கொல்லையின் ஓரம்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்தக் கொல்லை ஏரியைவிடத் தூரம்.

எட்டாவது வரை படித்த திமிரில் நானும் மனுப் போட்டேன். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். "அண்ணனையா எதுத்து நிக்கிற?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஓட்டு நாளன்று விடியற்காலையில் அவருக்குப் பெரம்பலூரில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்து முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அது என்ன வேலை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போதெல்லாம் வார்டு தேர்தலுக்குச் சீட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. கோயில் வாசலில் எல்லோரும் கூடவேண்டும். ஆபீசர் பேரைச் சொன்னதும் கையைத் தூக்கவேண்டும். வம்பே அதில்தான். ஆண்களில் பெரும்பாலோர் மூத்தார் பக்கம். பெண்கள் என் பக்கம்தான், ஆனால் மாமனார், மூத்தார் எதிரில் நிமிர்ந்து நிற்கவே கூசுகிறவர்கள். முதல் நாள் ஏரிக்கரையில் கேட்டுப் பார்த்தேன்.

"நல்லா கேட்ட போ. பெரியவங்க எதிர்ல கையத் தூக்குனா வூட்டுக்குள்ள சேப்பாங்களா?" என்றாள் ஒருத்தி.

மற்றவர்கள் சிரித்தபடி குடத்தைத் தலைக்கு ஏற்றினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு கை மேலே போய்க் குடத்தைப் பிடித்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

"நாளைக்குத் தண்ணி மொண்டுகிட்டு கோயில் வழியா வாங்க. பெரிய மாமா பேரு சொல்றப்ப கொடம் இடுப்புல இருக்கட்டும். என் பேரு சொன்னா தலைக்கு ஏத்துங்க. யாரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றேன்.

மறுநாள் ரெவினியூ இன்ஸ்பெக்டர் மூத்தார் பேரைச் சொல்லி, தூக்கிய கைகளை எண்ணி எழுதிக்கொண்டார். பிறகு என் பேரைச் சொன்னார். வாசல் ஓரத்தில் நின்ற குடமெல்லாம் ஒரே சமயத்தில் இடுப்பிலிருந்து தலைக்கு ஏறின. இன்ஸ்பெக்டர் பென்சிலை நீட்டி எண்ணத் தொடங்கினார். மூத்தார் விடுவாரா?

"சார், அது கொடம் புடிக்கிற கை சார். ஓட்டுக் கை இல்ல."

இன்ஸ்பெக்டர் பென்சிலைத் தாழ்த்தினார். "அவர் சொல்றது நியாயந்தான். கொடத்த எறக்கி வச்சிட்டுக் கையத் தூக்குங்கம்மா" என்றார்.

ஒருத்தியும் அசையவில்லை. கிணறு கொல்லைக்குப் போனதுபோலத்தான், இனி என் ஆயுசுக்கும் ஏரிதான் என்று நினைத்தபோது, ஒரு குடம் தரையில் இறங்கியது. இறக்கியவர் என் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி. அவரை நான் கூப்பிடவே இல்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஆண்களுக்கு முதுகைக் காட்டி, கோயில் சுவரைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். புருஷன் எதிரில் கையைத் தூக்கவில்லை, சுவருக்கு எதிரில்தான் தூக்கினார். அந்த வழி தெரிந்ததும் மற்றவர்களும் குடத்தை இறக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"மூஞ்சி தெரிஞ்சாகணும்னு சட்டத்துல இல்லைங்க" என்று மூத்தாரிடம் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் முதுகு முதுகாக எண்ணினார். நாலு கை வித்தியாசத்தில் ஜெயித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஓரகத்தி எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் அடுப்படிக்கே போய் நின்றேன்.

"நீங்கதானக்கா மொதல்ல கையத் தூக்குனீங்க. இப்ப ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

"மனுசன் எட்டு நாளா சரியா சோறு திங்கல. ஊரே சிரிக்குது."

"அப்புறம் எதுக்கு எனக்குத் தூக்குனீங்க?"

"ஒனக்கா? தண்ணிக்குல்ல தூக்குனேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பை ஊதப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஜெயித்து எட்டு நாளாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, கிணற்றுக்கு இடம்கூட இன்னும் காட்டவில்லை. அன்று மத்தியானமே ஆளைக் கூட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில் முளை அடித்தேன்.