எடை அல்ல, தளர்ந்த கம்பி: புக்கிட் பாத்தோக்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குச் சைக்கிளில்

சைக்கிள் கடையில் சொன்ன ஒரு தவறான பேச்சை நம்பி, கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் மூன்று வாரமாக இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இது அநியாயம். அதைக் கேட்கத்தான் போன ஞாயிறு இந்தப் பயணம்.

அவர் என் சைக்கிள் நண்பர் செல்வம், வயது நாற்பத்தாறு. பூன் லேயில் தொழிலாளர் விடுதியில் இருக்கிறார். அவருடைய பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி இரண்டு முறை அறுந்தது. இரண்டு முறையும் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் அறுந்ததை மட்டும் மாற்றிவிட்டு, உடம்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பகலெல்லாம் இரும்பு தூக்குகிற மனிதர், ராத்திரி வெறும் கோப்பியோடு படுக்கிறார்.

காலை 7.10க்குப் புக்கிட் பாத்தோக்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே சேர்ந்துகொண்டோம். லிட்டில் இந்தியா ஏறக்குறைய 16 கிலோமீட்டர். தண்டவாளம் எடுத்துவிட்ட பழைய ரயில் தடத்தில் போனால் மரநிழல் உண்டு, கார் தொல்லை இல்லை. (மழைக்கு மறுநாள் போகாதீர்கள். சேறு.)

ஆறாவது கிலோமீட்டரில் ‘டிங்’ என்றது. மூன்றாவது கம்பி. சக்கரத்தின் நடுக்குடத்தருகே, வளைகிற இடத்தில் அறுந்திருந்தது. செல்வம் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

“இன்னும் கொறைக்கணும் போல, ஐயா.”

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. மற்றக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்தினேன். துணிக்கொடி மாதிரி தொளதொளத்தன. இதை நான் எங்கும் போய்ப் படிக்கவில்லை, சொந்தச் சக்கரங்களைப் பிரித்து மாட்டித் தெரிந்துகொண்டது: ஒவ்வொரு சுற்றிலும் அடியில் வரும் கம்பி தளர்ந்து, மேலே போனதும் இறுகும். எல்லாம் ஒரே அளவில் நன்றாக இறுகியிருந்தால் அதைத் தாங்கும். தொளதொளவென்று இருந்தால் அந்த வளைவு ஓயாமல் ஆடும். கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதேதான்.

அறுந்ததைப் பக்கத்துக் கம்பியில் சுற்றி, கோணிய சக்கரம் உரசாதபடி பின்பிரேக்கைத் தளர்த்திவிட்டு, மெதுவாக ஓட்டினோம். கடையை அடைந்தபோது மணி 9.40.

கடைக்காரர் செல்வத்தைப் பார்த்ததுமே சிரித்தார்.

“நான் அப்பவே சொன்னேன்ல. வெயிட் ஜாஸ்தி லா.”

“நான் தொண்ணூத்திரண்டு கிலோ. இவரு எழுபத்தெட்டு. என் சக்கரத்துல ஆறு வருஷமா ஒண்ணுகூட அறுந்ததில்ல. ரெண்டையும் தட்டிப் பாருங்க” என்றேன்.

தட்டினார். என்னுடையவை எல்லாம் கணீரென்றன. செல்வத்தின் சக்கரத்தில் அவர் மாற்றிய இரண்டு மட்டும் ஒலித்தன, மற்றவை செத்த சத்தம். கடைக்காரர் வாசலைக் காட்டினார். ஞாயிற்றுக் கூட்டத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்க முடிகிறது என்றார். பொய்யில்லை, வாசலில் ஏழு சைக்கிள்கள் நின்றன. ஆனாலும் நான் நகரவில்லை. மூன்று கம்பி அறுந்த சக்கரத்தில் மிச்சமும் களைத்திருக்கும், 36 கம்பியையும் மாற்றுங்கள் என்றேன். இரண்டு மணி நேரம் ஆனது, கூலி 45 வெள்ளி.

முடித்துச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டியபோது, அவராகவே செல்வத்திடம் சொன்னார்: “அண்ணே, நீங்க நல்லா சாப்பிடுங்க. தப்பு என்னோடது.”

இனி நடக்க வேண்டியது. கடைக்காரர்கள் ஒரு கம்பியை மாற்றினால் எல்லாவற்றின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும், வந்தவர் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. ஓட்டுபவர்கள் மாதம் ஒருமுறை கம்பிகளை அழுத்திப் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் ஒன்றை மட்டும் முறுக்காமல் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். புதுச் சக்கரமென்றால் முதல் மாதமே கடையில் கொடுத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். செல்வத்தின் அறைக்காரர்கள் இன்றிரவிலிருந்து அவருக்கும் சேர்த்து அரிசி போட வேண்டும். செல்வம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.