விளக்கேற்றாத வீட்டிலிருந்து கூப்பிட்டேன், அம்மா கேட்டாள்

மாரியம்மாவின் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் செல்வி. மலையாள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலைக்காடும் வைத்து விவசாயம் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. போன ஆடி மாதம் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கோபமாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், ஆமாம், கோபம்தான். அம்மாவிடமே கோபப்பட்டுத்தான் அன்றைக்குக் கேட்டேன். கொடுத்தாள். உங்களிடம் மட்டும் நயமாகப் பேசி என்ன ஆகப்போகிறது?

என் மகள் தர்ஷினி அப்போதுதான் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள். நான்காவது வரைக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே எல்.பி. ஸ்கூல். ஐந்தாவதுக்குப் பஸ் ஏறி யூ.பி. ஸ்கூலுக்குப் போக வேண்டும். ஜூன் மாதம் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். இந்த வருஷம் பிள்ளைகளிடம் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று கிளாஸ் டீச்சர் சொன்னார். ஹிந்தி புதிதாக வரும். பாடத்துக்கு ஒரு டீச்சர் வருவார்கள், முதலில் தடுமாறுவார்கள். எதிர்த்துப் பேசுவார்கள், கூட்டாளி சொன்னதுதான் சரி என்பார்கள். ஓணப் பரீட்சையில் மார்க் குறைந்தால் அடிக்காதீர்கள். கடைசியில், குரலைத் தாழ்த்தாமலே இன்னொன்றும் சொன்னார். "சில பெண் பிள்ளைங்க இந்த வருஷமே வயசுக்கு வந்துருவாங்க. முன்கூட்டியே சொல்லிக் கொடுங்க. உடம்பு சரியானதும் ஸ்கூலுக்கு அனுப்பிருங்க." வந்திருந்த அப்பாக்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் அதைத்தான் பார்த்தார்.

நான் வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதனால்தான் ஆடி பிறந்து ஒரு நாள் அது நடந்தபோது அவள் அழவில்லை. குளியலறையிலிருந்து, "அம்மா, டீச்சர் சொன்னது வந்துருச்சு," என்று கூப்பிட்டாள். பயமே இல்லை. அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைக்கும்கூட நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் பெரிய நாத்தனார் வந்துவிட்டார். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் பிள்ளையை உட்கார வைத்தார். தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. வீடே தீட்டு, விளக்கேற்றக் கூடாது, கோயில் வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்றார். ஆடியில் சீர் வைக்கக் கூடாதாம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் தீட்டுக் கழிப்பதையும் பெரியவளானதற்கு வைக்கும் தெரட்டிச் சீரையும் சேர்த்துப் பெரிதாக வைத்துக்கொள்ளலாமாம்.

"அது வரைக்கும் ஸ்கூலு?" என்று கேட்டேன்.

"ஊட்டுல இருக்கட்டும். அஞ்சாங் கிளாசுதானே, கலெக்டர் பரீட்சையா எழுதறா?" என்றார்.

ஓணப் பரீட்சை வருகிறது என்றேன். அவர் காதில் விழவில்லை. பஸ் ஸ்டாப்பில் பெரிய போர்டு வைக்க வேண்டும், ஸ்கூல் பிள்ளைகள் எல்லாம் பார்க்க வேண்டும் என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். அறைக்குள் இருந்த தர்ஷினிக்கு எல்லாம் கேட்டது. நான் சோறு கொண்டு போனபோது என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "போர்டு வெச்சா நான் அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேம்மா. எப்பவுமே போக மாட்டேன்."

அவள் சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் எனக்கும் இப்படித்தான் சீர் வைத்தார்கள். முடிந்து ஸ்கூலுக்குப் போன அன்று, நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பையன்கள் பெஞ்சில் மேளம் தட்டினார்கள். மறுநாள் நான் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை. போ என்று வீட்டில் ஒருத்தரும் சொல்லவும் இல்லை. என் படிப்பு அத்தோடு சரி. என் மகளுக்கும் அதே கதியா?

வீட்டுக்காரரிடம் போனேன். "அக்கா மனசு நோகாம பாத்துக்க," என்றார். பிள்ளையின் மனசைப் பற்றி அவரிடம் பேச்சே இல்லை. அவர் மேல் வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை. அதையும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்படிப்பட்ட மனுஷன்.

இந்தச் சீரை நிறுத்தக் கூடியவர் ஒரே ஒருவர்தான். என் அண்ணன். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டி, சீர் நாள் வரைக்கும் பிள்ளையை அதில் உட்கார வைக்காமல் எங்களில் சீர் கிடையாது. ஆனால் என் அண்ணனோ தர்ஷினி பிறந்த நாளிலிருந்தே இதற்காகக் காத்துக்கொண்டிருந்தவர். பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். போனில் கூப்பிட்டேன். "செண்டை மேளக்காரங்ககிட்டப் பேசியாச்சு. ஞாயித்துக்கெழம ஓலையோட வந்தர்றேன். நீ ஒண்ணும் கவலப்படாத," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால், தாய்மாமன் உரிமையைத் தட்டிப் பறித்ததாக ஆகிவிடும். அப்புறம் என் வாசற்படியையே மிதிக்க மாட்டார்.

அந்த வாரம் ஆடி வெள்ளி. கோயில் மைக் செட்டில் பாட்டு ஓடுகிறது. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூழ்ச் சட்டியோடு போகிறார்கள். நான் மட்டும் போகக் கூடாது. நேராகத் தோப்புக்குப் போனேன். மோட்டார் ரூமுக்குள் நுழைந்து மோட்டாரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் நான் கத்தினாலும் வெளியே கேட்காது. கத்தினேன்.

"உன்ற வாசலுக்கு வரக் கூடாதுன்னுட்டாங்க. வெளக்கு இல்ல, கற்பூரம் இல்ல. என்ற வாய் மட்டுந்தான் இருக்குது. நீயும் பொம்பளதானே? அஞ்சாங் கிளாஸ் புள்ளைக்கு ஓலைக்குள்ள என்ன வேல? எங்கண்ணன் வாயில நீ வந்து நில்லு. அவரு வேண்டாம்னு சொல்லோணும். என்னால சொல்ல முடியாது, நீ சொல்லு. சொல்லலீன்னா எம் புள்ளைக்கு உன்ற பேரையே நான் சொல்லித் தர மாட்டேன்."

தீட்டு வீட்டுக்காரி, ஆடி வெள்ளியில், அம்மாவையே மிரட்டிவிட்டேனே என்று பயம். ஆனாலும் சொன்ன எதையும் நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். டெம்போ நிறையப் பச்சைத் தென்னை ஓலை. இறங்கியதும் போனைத்தான் எடுத்தார். பிளெக்ஸ் கடையில் செய்த போர்டு படம் அதில் இருந்தது. நாத்தனார் வாங்கிப் பார்த்து, "மகாலட்சுமியாட்டம் இருக்கறா," என்றார். நான் பார்த்தேன். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டுச்சேலை, நகை, மருதாணிக் கை. அதன் மேல் என் மகளின் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் அறை வாசலுக்குப் போனார். தர்ஷினி ஹிந்தி எழுத்து எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மிணி, இங்க பாரு சாமி," என்று படத்தை நீட்டினார். அவள் எழுந்து வந்து உற்றுப் பார்த்தாள்.

"இது யாருங் மாமா?"

"நீதான் கண்ணு."

"நான் இல்லீங் மாமா. எனக்கு இங்க பல்லு விழுந்துருச்சுல்ல? இதுல இருக்குது பாருங்க." வாயைத் திறந்து, கோரைப்பல் விழுந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

கடைக்காரன் சிரிப்பு அழகாக இருக்கட்டும் என்று அந்த இடைவெளியையும் அடைத்திருக்கிறான். அண்ணன் படத்தைப் பார்த்தார். பிள்ளையின் வாயைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். முகம் என்னவோ போல ஆகிவிட்டது. "இதைப் பஸ் ஸ்டாப்புல வெச்சா நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேனுங் மாமா," என்றாள் தர்ஷினி. அவர் வெளியே வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். அப்புறம் டெம்போ டிரைவரிடம், "ஓலைய எறக்க வேண்டாம்," என்றார்.

நாத்தனார் பதறிப்போய் ஓடி வந்தார். "ஏனுங்க, என்னாச்சுங்க?"

"சீரு வேண்டாமுங்க. இன்னைக்கே ஊட்டோட தண்ணி ஊத்தித் தீட்டக் கழிச்சுருங்க. நாளைக்குப் புள்ள ஸ்கூலுக்குப் போகட்டும்."

"ஊரு என்ன பேசும்?"

"ஊரு என்னமோ பேசிக்கட்டுமுங்க. ஓலை என்னோடதுங்க. எப்ப கட்டோணும்னு நான்தான் சொல்லோணும். பல்லு மொளைக்காத புள்ளைக்கு நான் கட்ட மாட்டேன்."

நான் என்ன வார்த்தையைக் கேட்டேனோ அதே வார்த்தை. வேண்டாம்.

அண்ணன் மனசு தானாக மாறியது, இதில் அம்மா எங்கே வந்தாள் என்று நம் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். கிளம்பும்போது அண்ணன் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். "நான் வேற என்னமோ சொல்லத்தான் வாயத் தொறந்தேன் செல்வி. இது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரீல." மோட்டார் ரூமில் நான் கேட்டது அவருக்குத் தெரியாது. இன்று வரை நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

திங்கட்கிழமை காலை தர்ஷினி பஸ் ஏறினாள். ஓணப் பரீட்சையும் எழுதினாள். ஹிந்தியில் மார்க் குறைவு. போகட்டும். நாத்தனார் அந்த ஓணத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதுவும் போகட்டும். முன்பெல்லாம் அவர் எதிரில் எனக்குக் குரலே எழும்பாது. இப்போது எழும்புகிறது. வீட்டுக்காரரும் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் தானே வந்தார். டீச்சர் பேசும்போது டீச்சரைத்தான் பார்த்தார்.

தீட்டோடு அம்மாவைக் கூப்பிட்டது தப்பு என்று சிலர் முணுமுணுக்கிறீர்கள். எனக்குத் தெரியும். நம்மைப் பெண்ணாகப் படைத்தவளுக்கு நம் உடம்பைப் பார்த்து அருவருப்பு வருமா? எந்தக் கதவை நீங்கள் சாத்தினீர்களோ, அந்தக் கதவுக்கு வெளியே நின்றுதான் அவள் எனக்குக் காது கொடுத்தாள்.

இந்த வருஷம் உங்கள் வீட்டிலும் ஒரு பெண் ஐந்தாம் வகுப்புக்குப் போகலாம். ஹிந்தி வரும், புது டீச்சர்கள் வருவார்கள், வாய் வரும். இதுவும் வரும். வரும்போது அவளைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். உங்களால் பேச முடியாது, எனக்கும் முடியவில்லை. விளக்கு வேண்டாம், தேங்காய் வேண்டாம். நிற்கிற இடத்திலேயே அம்மாவைக் கூப்பிடுங்கள். கோபமாகக் கூப்பிடுங்கள், அவளுக்குக் கேட்கும். கேட்காவிட்டால் இன்னும் சத்தமாகக் கூப்பிடுங்கள்.