வாய் தைக்காத கட்டு

இப்ராஹிம் கோணியை இழுத்துப் பிடித்தார். மகள் நூர் நிஷா சணல் கோத்த ஊசியை ஏற்றி இறக்கினாள். உள்ளே பதினொரு படக்கதைப் புத்தகங்கள். எல்லாம் முதல் பதிப்பு, எல்லாவற்றிலும் எழுதியவரின் கையொப்பம். நடுநடுவே அந்துருண்டை. மூன்று பக்கம் தைத்ததும் அவர் ஊசியை வாங்கிக்கொண்டார்.

"வாயைத் தைக்காதே புள்ள. இன்னும் ஒண்ணு வரணும்."

"வாப்பா, பாரிசுக்கு டிக்கெட் வந்தாச்சு. மலைப்பக்கம் ஊர் ஊரா எதிரி கையில விழுந்துகிட்டிருக்கு."

"பன்னெண்டுல ஒண்ணு குறைஞ்ச கட்டை நான் என்னிக்காச்சும் கப்பல் ஏத்தியிருக்கேனா?"

"இது என்ன துணியா?"

"துணியா இருந்தா போவுதுன்னு விட்டிருப்பேனே!"

போர் நெருங்கிக்கொண்டிருந்த அந்த நகரத்தில், பென் தான் என்னும் சந்தையருகே அவருக்குத் துணிக்கடை. காரைக்காலிலிருந்து வந்த புதிதில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டக் கற்றது அந்தப் படக்கதைகளில்தான். பெல்ஜியத்திலிருந்த கதாசிரியர் கஸ்தோனுக்கு, கடை வாடிக்கையாளருக்கு எழுதுவதுபோல நலம் விசாரித்து எழுதி, புத்தகத்தையும் சேர்த்து அனுப்புவார். கையொப்பத்தோடு திரும்பி வரும். முதன்முதலில் வாங்கிய புத்தகத்தைப் பிரிய மனமில்லாமல் கடைசியாகத்தான் அனுப்பினார். அதுதான் வரவில்லை.

அதற்காக முன்பே இரண்டு தடவை பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார். இந்த டிக்கெட்டும் அப்படியே வீணானது. நூர் நிஷா தொலைபேசி நிலையத்தில் பழுது பார்ப்பவள். கம்பி எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துவிடுவாள். இங்கே எதுவும் அறுந்திருக்கவில்லை. கதவு திறந்திருந்தது, கையில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருந்தது. அவர் கட்டை விட்டு நகரவில்லை. அவள் அவரை விட்டு நகரவில்லை.

ஒரு மாலை அஞ்சலகத்திலிருந்து அறிவிப்புச் சீட்டு வந்தது. பார்சல் வந்திருக்கிறது, உரியவர் நேரில் வர வேண்டும்.

"பாத்தியா? காலையில வாங்கியாந்துடறேன். நீ ஊசியில சணலைக் கோத்து வை."

அவள் கோத்து வைத்தாள். காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து அவள் அஞ்சலகத்துக்குப் போனாள். "உங்க அப்பாவை வரச் சொல்லுங்க," என்றார் குமாஸ்தா. அவள் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் விமானங்கள் நின்றன.

கட்டு வாய் திறந்தபடி கட்டிலருகே கிடந்தது. பதினொன்றோடு தைத்துவிடலாம்தான். ஊசியை எடுப்பாள், வைத்துவிடுவாள். அஞ்சலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக அவர் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது. அதன் பையில் அவள் திருப்பி வைத்த அந்தச் சீட்டு.